சிக்னலில் அணையும் எஞ்சின்

ஸ்கேனர் எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர் வண்டிக்காரர்.

ஜூலை மாதத்து மாலை. மும்பை விக்ரோலியில், ஜோகேஸ்வரி - விக்ரோலி இணைப்புச் சாலை ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தானே பக்கம் போகும் வண்டிகள் ஊர்கின்றன. வரிசையில் நிற்கும் ஒரு கறுப்பு மஞ்சள் டாக்சியின் ஸ்டியரிங் நடுங்குகிறது. எஞ்சின் வேகம் காட்டும் முள் ஆயிரத்திலிருந்து அறுநூறுக்கு இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்கிப் படுத்துவிடுகிறது. எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன்களின் கச்சேரி. ஓட்டுனர் சாவியைத் திருப்புகிறார். பிடித்துக்கொள்கிறது. பத்து மீட்டர் நகர்ந்து பிரேக்கில் கால் வைத்ததும் மறுபடி அணைகிறது.

மறுநாள் காலை காரேஜில் அவர் சொல்லப்போவது இந்த நகரத்து மெக்கானிக்குகள் ஆயிரம் முறை கேட்ட வாக்கியம். தாராவியிலோ விக்ரோலியிலோ இருவருமே நெல்லைப் பக்கத்துக்காரர்களாக இருந்துவிட்டால் அது இப்படி வரும்: "அண்ணாச்சி, ரோட்டுல ஜம்முனு போவுது. சிக்னல்ல நின்னாத்தான் ஆஃப் ஆயிருது."

இது ஒரு வண்டியின் கதையல்ல. மும்பையில் மழைக்காலம் தொடங்கினால் தினமும் ஏதாவது ஒரு சாலையில் நடப்பது. ஆனால் இதற்குப் பிறகு நடப்பதில்தான் பணம் கரைகிறது. காரேஜில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணோடு தொடர்புள்ள பாகம் ஒன்றை மாற்றுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, அல்லது ஓடுவதாகத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் மறுபடி அதே சிக்னல், அதே நடுக்கம். அடுத்து இன்னொரு பாகம். ஸ்பார்க் பிளக், காயில், த்ராட்டில் பாடி, சென்சார் என்று பட்டியல் நீண்டு பில் ஐந்து இலக்கத்தைத் தொட்ட பிறகு, கடைசியில் கண்டுபிடிக்கப்படும் குற்றவாளி வெடிப்பு விட்ட ஒரு முழம் ரப்பர் குழாயாக இருக்கலாம். தினசரி வருமானத்தில் குடும்பம் நடத்தும் டாக்சிக்காரருக்கு இது வெறும் எரிச்சல் அல்ல. வண்டி காரேஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வரும்படி பூஜ்யம்.

ஏன் சிக்னலில் மட்டும் இந்தச் சங்கடம்? பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, எஞ்சினுக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று சும்மா ஓடுவது. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது, காற்று உள்ளே போகும் த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. கீற்று போன்ற ஓர் இடைவெளி வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது. அந்த நிலையிலும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை அது சீராகச் சுழல வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 800 சுற்றில் ஓடும்போது, நிமிடத்துக்கு 1,600 முறை உள்ளே தீப்பற்றுகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27 முறை. இதில் சில தவறினாலும் ஸ்டியரிங் நடுங்கும். மெக்கானிக்குகளின் பாஷையில் 'மிஸ்ஸிங்'.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்று வெள்ளமாக உள்ளே பாய்கிறது. எங்கோ ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் அதிகக் காற்று நுழைந்தாலும் எஞ்சின் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிக்னலில் நிற்கும்போதோ அதே ஓட்டை மொத்த மூச்சில் பெரும் பங்காகிவிடுகிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடைக் கணக்கு குலைகிறது. காற்று கூடிப்போன கலவை சரியாகப் பற்றுவதில்லை. எஞ்சின் தடுமாறி அணைகிறது. சாலையில் பறக்கும் வண்டி சிக்னலில் படுப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இந்த ரகசியத்தை ஸ்கேனர் இல்லாமலே படித்த ஒரு தலைமுறை மும்பையில் இருந்தது. அதற்குப் பாடப் புத்தகமாக இருந்தது ஒரே ஒரு கார். விக்ரோலியின் மேற்குப் பக்கம் ஓடும் எல்.பி.எஸ். மார்க்கிலேயே சில கிலோமீட்டர் தெற்கே போனால் குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. ஃபியட் 1100 ஆகப் பிறந்து, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய கார் அங்கிருந்துதான் நகரமெங்கும் பரவியது. காகிதத்தில் பெயர் மாறியும் டாக்சிக்காரர்களின் வாயில் கடைசிவரை அது ஃபியட்தான்.

1,089 சிசி எஞ்சின். ஒரு கார்ப்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு பிளக். கணிப்பொறி கிடையாது. ஐடிலிங் நிற்கவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. முதல் சந்தேகம் 'கச்ரா'. கார்ப்புரேட்டரில் ஐடிலிங்குக்கென்றே இருக்கும் ஊசித்துளை அளவு ஜெட்டில் தூசி அடைத்தால் வண்டி ஓடும், நிற்கும்போது அணையும். கழற்றி ஊதினால் தீர்ந்தது. அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயிண்ட். தீப்பொறியால் கருகியிருந்தால் எமரி தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் சரி செய்வார்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எந்த ஒயரைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்துப்போன சிலிண்டர். மே மாத வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி.

கடைசிக் கட்டம் காதுக்கு உரியது. கார்ப்புரேட்டரின் கலவைத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பி, எஞ்சின் சத்தம் உயர்ந்து சீராகும் இடத்தைத் தேடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கால் சுற்று கூடினால் புகை. கால் சுற்று குறைந்தால் நடுக்கம். இந்த வித்தையை யாரும் வகுப்பில் கற்றதில்லை. டீ வாங்கி வரும் பையனாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகி, பல வருடங்கள் கழித்துத்தான் திருகில் கை வைக்க அனுமதி.

அந்தப் பாடப் புத்தகம் மூடப்பட்டுவிட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிகளின் ஆயுள் 20 வருடம் என்ற விதிப்படி, 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி மும்பையின் டாக்சி வரிசையிலிருந்து மறைந்தது. இப்போது கறுப்பு மஞ்சள் பூசிக்கொண்டு ஓடுபவை வேறு ரகம். பெரும்பாலும் கேஸிலும் பெட்ரோலிலும் ஓடக்கூடியவை. எரிபொருளைச் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கும் கணிப்பொறி பொருத்தியவை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2010ல் பெருநகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தது. அதோடு எஞ்சின் தன் கோளாறைத் தானே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6. கார்ப்புரேட்டரின் இடத்தில் இன்ஜெக்டர். டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில். மெக்கானிக்கின் காது இருந்த இடத்தில் ஆக்சிஜன் சென்சார். திருப்புவதற்குத் திருகே இல்லை.

இதில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. பழைய எஞ்சின் தன் நோயை உடனே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். புதிய எஞ்சின் மறைக்கும். எங்கோ காற்று கசிந்தால், கணிப்பொறி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது. ஓட்டுனருக்கு எதுவும் தெரிவதில்லை. கூட்டிக் கூட்டி, இனிமேல் கூட்ட முடியாது என்ற எல்லை வந்த பிறகுதான் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. அதற்குள் கோளாறு முற்றியிருக்கும்.

விளக்கு எரிந்ததும் ஸ்கேனர் சொல்லும் எண்களில் பிரபலமானவை சில. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் தீப்பற்றல் தவறுகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மட்டும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. கவனித்துப் பார்த்தால், இவற்றில் எதுவுமே எந்தப் பாகம் பழுது என்று சொல்லவில்லை. 'காய்ச்சல் இருக்கிறது' என்று தெர்மாமீட்டர் சொல்வதற்கு ஒப்பானவை இவை. மலேரியாவா, டைபாய்டா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது. பி0300 வந்தால் பிளக் மாற்றுவதும், பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சார் மாற்றுவதும், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பதற்குப் பதில் தெர்மாமீட்டரை மாற்றுவது போல. அந்த சென்சார் செய்த ஒரே குற்றம் உண்மையைச் சொன்னது.

நல்ல மெக்கானிக் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் வாயைத் திறக்கிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏ.சி. போட்டால் மட்டுமா? மழையில் மட்டுமா? பெட்ரோல் போட்ட மறுநாளிலிருந்தா? பிரேக் மிதிக்கும்போதா? ஒவ்வொரு பதிலும் சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிடும். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு திடீரென்று அணைந்து, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில், கிராங்க் சென்சார் மீது கண் போகும். மழையில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் ஈரம் புகுந்த காயில், வெடிப்பு விட்ட பிளக் பீங்கான், அல்லது ஒயர் இணைப்பு. ஏ.சி. போட்டதும் அணைந்தால், கூடுதல் சுமையைத் தாங்கக் காற்றைக் கூட்ட முடியாதபடி த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். எஞ்சின் வேகம் காட்டும் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால், எஞ்சினிலேயே கோளாறு இல்லாமல் இருக்கலாம். அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும்.

மும்பை டாக்சியில் இன்னொரு இலவசச் சோதனை உண்டு. கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றிப் பார்ப்பது. கேஸில் மட்டும் நடுக்கம் என்றால் கேஸ் ஃபில்டர், பிரஷரைக் குறைக்கும் ரெடியூசர், கேஸ் இன்ஜெக்டர் என்று தேடல் சுருங்கும். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே தளர்ந்துவரும் பிளக்கும் காயிலும் முதலில் கேஸில்தான் காலை வாரும். பெட்ரோலில் மட்டும் நடுக்கம் என்றால், மாதக் கணக்கில் டேங்கில் தேங்கிய பழைய பெட்ரோலும் பயன்படாமல் அடைத்துப்போன இன்ஜெக்டரும் முதல் சந்தேகம். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால், இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: காற்று, தீப்பொறி, சிலிண்டரின் அழுத்தம்.

பி0301 வந்தால் காயில் வாங்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். எண் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், வால்வ் என்று தேடலைத் தொடரலாம். செலவு பத்து நிமிடம். பழைய பழக்கத்தில் ஓடும் எஞ்சினில் காயிலைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் இன்று ஆபத்து. இன்றைய காயிலின் மின்னழுத்தம் கையைப் பதம் பார்க்கும். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் விலையுயர்ந்த கேடலிடிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும்.

ஸ்கேனரின் உண்மையான பலம் பிழை எண்ணில் இல்லை. எஞ்சின் ஓடும்போது அது காட்டும் கணக்குகளில் இருக்கிறது. கணிப்பொறி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அவற்றில் முக்கியமானது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நிற்கும்போது இருபதைத் தாண்டி, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் நாலைந்துக்கு இறங்கினால், த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, வேகம் கூடக் கூட அந்த எண்ணும் கூடினால், பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ ஈடுகொடுக்கவில்லை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் வண்டிகளில்தான் கசிவு இப்படித் தெளிவாகத் தெரியும். அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் அதே கசிவு ஐடிலிங்கைத் தேவையில்லாமல் உயர்த்தவும் கூடும். எந்த வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் வழி தவறும்.

இப்போது விக்ரோலி சிக்னலில் நின்ற டாக்சிக்குத் திரும்பலாம். ஸ்கேனரில் பி0300, பி0171. அவசரக்காரர் பிளக்கையும் சென்சாரையும் மாற்றுவார். நிதானக்காரர் ஓட்டுனர் சொன்ன ஒரு விவரத்தைப் பிடித்துக்கொள்வார்: பிரேக்கில் கால் வைத்ததும் அணைகிறது. கேஸ், பெட்ரோல் இரண்டிலும் அதே நடுக்கம். நிற்கும்போது கூட்டல் இருபதுக்கு மேல்; ஏற்றினால் நாலு. ஆக, காற்றுக் கசிவு. பிரேக் பெடலை லேசாக்க உதவும் பூஸ்டர், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாயோ, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடோ கிழிந்திருந்தால், பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குள் வேண்டாத காற்று பாயும். பானட்டைத் திறந்து குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தால், வெடிப்பு கண்ணுக்கே தெரியும். காதை அருகில் கொண்டுபோனால் 'உஸ்' என்ற சத்தமும் கேட்கும். புதுக் குழாய், இரண்டு கிளிப். வேலை முடிந்தது. அலட்சியம் செய்திருந்தால் இழப்பு ஐடிலிங்கோடு நின்றிருக்காது. அது பிரேக்கின் குழாய்.

கசிவைத் தேட இணைப்புகளில் கார்ப்புரேட்டர் கிளீனர் தெளித்து, எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பது பல காரேஜ்களில் வழக்கம். பயன் தரும் வழிதான். ஆனால் தெளிப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். சூடான எஞ்சின் மேல், பக்கத்தில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு நிற்க, அதைச் செய்வது வினையை விலைக்கு வாங்குவது. புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் கருவி அதைவிடப் பத்திரமானது.

எரிபொருளும் சந்தேகப் பட்டியலில் இடம் பிடித்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். அந்த அடி மட்டத்திலிருந்துதான் பம்ப் உறிஞ்சுகிறது. இந்தக் கலவைக்கென்று தயாரிக்கப்படாத பழைய கார்களில் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அவ்வப்போது பார்ப்பது நல்லது. அதற்காக எல்லா நடுக்கத்துக்கும் எத்தனால் மீது பழி போடுவதும், ஸ்கேனர் எண்ணை நம்பி பாகம் மாற்றுவதும் ஒரே ரகம்தான்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை அவசியம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறக்கவில்லை. அன்று சாலைகளில் வண்டிகள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. தண்ணீரில் அணைந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி ஓரங்கட்டி, மெக்கானிக்கை அழைப்பதே வழி.

உலர்ந்த சாலையிலும் ஓடும் வண்டி அணைந்தால் பயம் முதல் எதிரி. எஞ்சின் அணைந்த பிறகும் பூஸ்டரில் ஓரிரு மிதிகளுக்கான வெற்றிடம் மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல், விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஸ்டியரிங் கனக்கலாம், ஆனால் திரும்பும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு இடது ஓரம் ஒதுங்குவது அடுத்த வேலை.

பத்மினியின் திருகைக் காதால் திருப்பிய தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. செல்போனோடு இணையும் எளிய ஸ்கேனர்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஆகவே எண்ணைப் படிப்பது இன்று யாருக்கும் கைவரும் வித்தை. கைவராமல் போய்க்கொண்டிருப்பது எண்ணுக்கும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் படிகள்: கேட்பது, பார்ப்பது, மாற்றிப் போட்டுச் சோதிப்பது, ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுவது. அது கார்ப்புரேட்டரோடு வந்ததும் அல்ல. கார்ப்புரேட்டரோடு போக வேண்டியதும் அல்ல. எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதும் இல்லை.

வண்டிக்காரர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரேஜில் நுழைந்ததும் 'எவ்வளவு ஆகும்' என்று கேட்பதற்கு முன், எப்போது அணைகிறது, எதைச் செய்யும்போது அணைகிறது என்று சொல்வது. பாகத்தை மாற்றச் சொன்னால், அதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பது. பதில் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடக்கூடாது. விக்ரோலி சிக்னலில் மழை அடுத்த வருடமும் பெய்யும்.